பெயர் மறந்தாலும் பாசுரம் மறப்பதில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கோயிலில் பகல்பத்து நாட்களில் அரையர் சேவையைத் தரிசித்த அன்பர்கள் கவனித்திருப்பார்கள். அரையர் சுவாமியின் திருக்கரங்களில் தாளம் ஒன்றே இருக்கும். வீணையோ மிருதங்கமோ துணைக்கு வருவதில்லை. பாசுரம், அதன் இசை, அதற்குரிய அபிநயம் யாவும் தந்தையிடமிருந்து மகன் கேட்டுக் கேட்டுப் பயின்றவை. திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் அப்படித்தான். காற்றில் பிறந்து கணத்தில் மறையும் ஒலி இத்தனை தலைமுறைகளைக் கடந்து எப்படி நிலைத்தது? சுந்தரபாண்டியத்திலிருந்து பேருந்து ஏறி அச்சேவையைக் காணச் செல்லும் எனக்கு ஆண்டுதோறும் எழும் வினா இது. நெஞ்சில் தங்கியது என்று நாம் சொல்கிறோம். மூளையில் அது தங்கும் விதத்தை மருத்துவ அறிவியல் ஓரளவு கண்டறிந்திருக்கிறது.

ஒலி முதலில் செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வை மூன்று சிற்றெலும்புகள் வாங்கி, நத்தைக்கூடு போலச் சுருண்ட உட்செவிக்குக் கடத்துகின்றன. அச்சுருளினுள் சுமார் பதினையாயிரம் நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. சுருளின் வாயிலருகே நிற்பவை கைத்தாளத்தின் கூரிய ஒலியையும், உள்கோடியில் நிற்பவை தவிலின் தாழ்ந்த முழக்கத்தையும் பிரித்து ஏற்கின்றன. ஏற்றதை மின்குறிப்பாக மாற்றி நரம்பின் வழியே அனுப்புகின்றன. பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியை அக்குறிப்பு அடைந்த பிறகே நாம் 'கேட்கிறோம்'. செவி வாயிற்காவலன் மட்டுமே.

பாட்டு மூளையை அடைந்ததும் நிகழ்வது வியப்புக்குரியது. கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளில் பாடச் செய்து நூறு பாட்டுகளை உருவாக்கினார்கள். ஒலியின் காலநுட்பத்தைச் சிதைத்தபோது கேட்டவர்களுக்குச் சொல் விளங்கவில்லை, மெட்டு விளங்கிற்று. சுருதிநுட்பத்தைச் சிதைத்தபோது மெட்டு போயிற்று, சொல் நின்றது. சொல்லைப் பகுப்பதில் மூளையின் இடப்பக்கமும், மெட்டைப் பகுப்பதில் வலப்பக்கமும் முன்நின்றன. ஆக, ஒரு பாசுரத்தைச் சேவிக்கும்போது மூளையின் இரு புறமும் பணிபுரிகின்றன. தாளம் வந்தால் கை கால்களை இயக்கும் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. பஜனையில் உட்கார்ந்திருப்பவரின் விரல் தானாகத் தொடையில் தட்டுவது அதனால்தான்.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு ஆய்வாளரும் இணைந்து, சுக்ல யஜுர்வேதம் பயின்ற 21 வேத பண்டிதர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். அதே எண்ணிக்கையில் வேதம் பயிலாதவர்களையும் எடுத்து ஒப்பிட்டார்கள். இளமையிலிருந்தே பல்லாயிரம் சொற்களை ஸ்வரம் பிசகாமல் ஓதிய பண்டிதர்களின் மூளையில் சாம்பல்நிறப் பொருள் பல பகுதிகளில் மிகுந்திருந்தது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் வலப்புறமும் அவற்றுள் அடங்கும். 2016-இல் இது வெளிவந்தது. இதை வைத்துக்கொண்டு, மந்திரம் கேட்டாலே மறதிநோய் தீரும் என்று கைபேசியில் செய்தி பரப்புகிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நீண்டகாலப் பயிற்சி பெற்றவர்களின் மூளை அமைப்பு வேறுபட்டிருந்தது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. நல்ல செய்திக்கு நாம் வட்டி சேர்க்க வேண்டியதில்லை.

எங்கள் உறவில் ஒரு பாட்டியார் இருந்தார். இறுதிக் காலத்தில் பேரனின் பெயரும் அவருக்கு நினைவில் இல்லை. காலையில் உணவருந்தியதையும் மறந்து மீண்டும் கேட்பார். ஆனால் மார்கழி விடியலில் அருகிலிருந்து யாரேனும் திருப்பாவையைத் தொடங்கினால் போதும், முப்பது பாசுரங்களையும் உடன் சொல்லி முடிப்பார். பெருமாளின் கருணை என்றே வீட்டில் அனைவரும் கைகூப்பினோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு அதன் வழியையும் ஒருவாறு காட்டுகிறது. நெடுங்காலமாக அறிந்த இசையை நினைவுகூரும்போது தொழிற்படும் பகுதிகள் சில உள்ளன. அல்ஸைமர் என்னும் மறதிநோய் மூளையின் பிற இடங்களை அரித்த பின்னும் அப்பகுதிகள் ஒப்பீட்டளவில் தேயாமல் எஞ்சியிருந்தன. பாட்டியார் அப்பாசுரங்களைச் சிறுமியாக இருந்தபோதே பாடம் செய்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆனால் உள்ளே பாசுரம் இருந்து பயனென்ன, வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் குரல் செவியில் விழாவிட்டால்? நம் வயதினர் பலர் அசட்டை செய்வது இதைத்தான்.

நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் முதலில் தேய்பவை சுருளின் வாயிலருகே நிற்பவை. ஆகவே கூரிய ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்துகளின் நாதம் கேட்கும். ச, த, க போன்ற மெய்களின் முனை மழுங்கும். "காது கேட்கிறது, பேசுவதுதான் புரியவில்லை" என்று முதியோர் சொல்வதன் பொருள் இதுவே. உபந்நியாசத்தில் அனைவரும் நகைக்கும்போது தாமும் நகைத்துவிட்டு, அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுபவர்களை நான் அறிவேன். கோஷ்டியில் அடி பிசகிவிடுமோ என்று கூசி, பின்வரிசைக்குப் போய், பிறகு வீட்டோடு அமர்ந்துவிட்டவர்களும் உண்டு.

அவ்வாறு ஒதுங்குவது மூளைக்கும் நல்லதன்று. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல், மறதிநோய்க்கு இடமளிப்பவையாகவும் நம்மால் மாற்றக்கூடியவையாகவும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேள்வித்திறன் குறைவு அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று. அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட 977 பேரிடம் செவிக்கருவியின் பயனைச் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றாண்டுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. மறதிநோய்க்கான வாய்ப்பு மிகுந்த பிரிவினரிடம் மட்டும் சிந்தைத்திறன் சரியும் வேகம் சுமார் 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே செவிக்கருவி சஞ்சீவி அன்று. ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று.

கண்ணாடி அணியக் கூசாத நாம் செவிக்கருவிக்கு ஏன் கூசுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, பல்செட் ஆகியவற்றோடு செவிக்கருவியும் வழங்கப்படுகிறது. ஒலிபெருக்கிக் குழாயின் அடியிலோ வேட்டு போடும் இடத்தின் அருகிலோ நிற்பதையும் தவிருங்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நெடுநேரம் கேட்பது எஞ்சிய செல்களையும் கெடுக்கும்.

கருவி வாங்கியவர்கள் பலர் ஒரு வாரத்தில் அதைப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். பாத்திரச் சத்தம் மண்டையில் அடிக்கிறது, தம் குரலே அந்நியமாக ஒலிக்கிறது என்கிறார்கள். பல ஆண்டுகள் கேளாதிருந்த ஒலிகளைத் தரம்பிரிக்க மூளை மீண்டும் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் அமைதியான அறையில் நாளும் சிறிது நேரம் அணியலாம். வீட்டிலுள்ள ஒருவரை எதிரில் அமர்த்தி, தாம் நன்கறிந்த பாசுரத்தையோ பதிகத்தையோ மெல்லச் சொல்லச் செய்து கேட்கலாம். சொல் முன்பே தெரிந்ததாகையால், மங்கி வரும் எழுத்தையும் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். அதன் பின்னர் கோயிலுக்கு அணிந்து செல்லலாம். சந்நிதி மணிக்கு நேர்கீழே மட்டும் சில நாட்கள் நிற்க வேண்டாம்.