பணியிடத்தில் மதப் பாகுபாடு: சட்டப் பாதுகாப்பு என்ன? எங்கு முறையிடலாம்?

புது தில்லி: மதத்தின் பெயரால் வேலை மறுக்கப்பட்டாலோ, பதவி உயர்வு தடுக்கப்பட்டாலோ ஒருவர் எங்கு முறையிடுவது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் ஒற்றை விடை இல்லை. பாதிக்கப்பட்டவர் அரசு ஊழியரா, தனியார் நிறுவனப் பணியாளரா என்பதைப் பொறுத்தே பாதுகாப்பும், அணுக வேண்டிய அமைப்பும் மாறுகின்றன.

அரசுப் பணியில் உள்ளோருக்கு

அரசமைப்புச் சட்டத்தின் 16(2)-ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம் உள்ளிட்டவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசுப் பணியில் எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மத நிறுவன நிர்வாகம் தொடர்பான பதவிகளை அந்த மதத்தினருக்கே ஒதுக்கும் சட்டங்களுக்கு மட்டும் 16(5)-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது.

மத்திய அரசு ஊழியர்கள், முதலில் துறை அதிகாரிகளிடம் முறையிட வேண்டும். அதன் பின்னர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இறுதி உத்தரவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். முறையீட்டுக்கு 6 மாதங்கள் வரை பதில் வராவிட்டால், அந்தக் காலம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு கணக்கிடப்படும்.

தனியார் துறையில் உள்ள இடைவெளி

வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுப்பதற்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960-ஆம் ஆண்டே ஏற்றது. எனினும், தனியார் துறையில் மதப் பாகுபாட்டைத் தடை செய்யும் முழுமையான தனிச் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை. 16-ஆவது பிரிவும் தனியார் நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

ஆயினும், வழிகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. பழிவாங்கும் நோக்கில் பணிநீக்கம் செய்வதும், தகுதியைப் பொருட்படுத்தாமல் ஒரு தரப்புத் தொழிலாளருக்குச் சலுகை காட்டுவதும் முறையற்ற தொழிலாளர் நடைமுறைகள் எனத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வரையறுக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளர், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். தீர்வு கிடைக்காவிட்டால் தொழில் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால், நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள்.

வேலைக்கு விண்ணப்பித்த நிலையிலேயே நிராகரிக்கப்படுவோரின் நிலை மேலும் சிக்கலானது. கடந்த 2015-ஆம் ஆண்டு, முஸ்லிம் அல்லாதோரை மட்டுமே பணியில் சேர்ப்பதாக மும்பையைச் சேர்ந்த வைர ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலிருந்து விண்ணப்பதாரருக்கு மின்னஞ்சல் வந்தது. இது தொடர்பாகக் காவல்துறை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 153பி பிரிவின்கீழ் வழக்குப் பதிவு செய்தது. தற்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 197-ஆவது பிரிவு அதற்கு இணையானது. மத உணர்வைப் புண்படுத்தும் உள்நோக்கத்துடன் பேசுவது 302-ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆணையங்களின் பங்கு

முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகிய 6 சமூகத்தினர் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். விசாரணையின்போது சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. எனினும், அதன் பரிந்துரைகள் நீதிமன்றத் தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்துபவை அல்ல.

தேசிய மனித உரிமைகள் ஆணையம், பணி விவகாரங்கள், தொழில் தகராறுகள் தொடர்பான புகார்களைப் பொதுவாக ஏற்பதில்லை. மேலும், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த புகார்களையும் அது விசாரிக்க இயலாது. ஆணையத்தின் பதிலுக்காகக் காத்திருப்போர், தீர்ப்பாயத்துக்கான காலக்கெடுவைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம்.

ஆதாரமும் இலவச உதவியும்

இத்தகைய வழக்குகளில், பாகுபாட்டுக்கு மதமே காரணம் என்பதை நிறுவுவதுதான் கடினம். எனவே, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பணி மதிப்பீட்டு அறிக்கை, பணிநீக்க உத்தரவு ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பதும், நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெறுவதும் பின்னாளில் கைகொடுக்கும்.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். இதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தையோ, 15100 என்ற தேசிய உதவி எண்ணையோ தொடர்புகொள்ளலாம்.