பிள்ளையின் இருமல் நிற்கவில்லையா? எதற்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்

மாரி தொடங்கிவிட்டால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் விடியவே வரிசை தொடங்கிவிடும். பெரும்பாலும் தாய்மார். சில இடங்களில் அம்மம்மாமார். இடுப்பில் ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை. "ரெண்டு கிழமையா இருமல் டொக்டர். போனமுறை தந்த பாணியும் முடிஞ்சுது, இன்னும் நிக்கேல்லை" என்பதுதான் அநேகமாக எல்லோருடைய முறைப்பாடும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் மருந்தும் வாகனமும் இல்லாத காலத்தில் பங்கருக்குள்ளும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு இரவைக் கழித்த தலைமுறைதான் இன்று அம்மம்மாவாக இருக்கிறது. அந்தப் பயம் வீட்டுக்குள் இன்னமும் இருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் உதவி.

முதலில் இருமலின் ஆயுளைப் பார்ப்போம். தடிமன் பிடித்த பிள்ளைக்குக் காய்ச்சல் மூன்று நாளில் விடும். மூக்குச் சளி ஒரு கிழமையில் குறையும். இருமல் அப்படியல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சாதாரணத் தடிமனோடு வரும் இருமல் பாதிப் பிள்ளைகளுக்கு 10 நாளில் நிற்கிறது. பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நிற்பதற்கு 25 நாள் வரை செல்கிறது. ஆகவே இரண்டாவது கிழமையிலும் இருமுகிறது என்பது மட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. அத்தோடு சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் பத்துத் தடவை வரை தடிமன் வரலாம். முன்பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் இன்னும் கூடும். ஒன்று விட, அடுத்தது தொடங்கும். தாய்க்கு அது மாரி முழுக்க ஒரே இருமலாகத்தான் தெரியும். இடையில் நாலைந்து நாளாவது பிள்ளை இருமாமல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அவை வேறு வேறு தடிமன்கள்.

இரவில் கூடுவது ஏன்? படுத்தவுடன் மூக்கின் பின்பக்கத்துச் சளி தொண்டைக்குள் இறங்குகிறது. பிள்ளைக்குக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கும். வயிற்றில் சேர்ந்த சளி ஒரு பெரிய இருமலோடு பாலும் சோறுமாக வெளியே வரும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் வாந்திக்குப் பிறகு பிள்ளை சுகமாக நித்திரை கொள்கிறது என்றால் அதில் ஆபத்து இல்லை.

இந்த இருமலில் பெரும்பகுதி வைரசுக் கிருமியால் வருவது. அன்ரிபயோற்றிக் அதற்கு வேலை செய்யாது. எங்கள் வீடுகளில் இதில் ஒரு பிரச்சினை இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கிடைத்த மருந்தைப் பொத்திப் பொத்தி வைத்துப் பழகியவர்கள் நாங்கள். மிச்சம் இருக்கும் அமொக்சிசிலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த முறைக்குக் கொடுப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கால்போத்தல் ஊற்றிக் கொடுப்பதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். கரைத்த அன்ரிபயோற்றிக் பாணி ஒன்று இரண்டு கிழமைக்கு மேல் பாவிக்கக் கூடியதல்ல. அரைகுறையாகக் கொடுத்தால் நோயும் மாறாது, உண்மையாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காமலும் போகலாம்.

இருமல் பாணியைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் இருமல் பாணிகளை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இலேயே அறிவுறுத்தியது. பிரித்தானியா அடுத்த வருடம் ஆறு வயது வரைக்கும் பல பாணிகளை நிறுத்தியது. அவை இருமலைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நித்திரை மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, அளவு கூடினால் மூச்சு மந்தம் ஆகியவற்றுக்கு ஆதாரம் உண்டு. இதைவிடப் பெரிய பயங்கரமும் நடந்திருக்கிறது. 2022இல் கம்பியாவில் 60க்கும் அதிகமான பிள்ளைகளின் சாவு, டைஎதிலீன் கிளைகோல், எதிலீன் கிளைகோல் என்ற நச்சுப் பொருட்கள் கலந்த பாணிகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் அதிகமான பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த பாணி தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. யாராவது இந்தியாவிலிருந்து பையில் கொண்டுவந்து தரும் மருந்துகளைப் பிள்ளைக்குக் கொடுக்கு முன்னர் இதை நினைவில் வையுங்கள்.

அப்படியென்றால் வீட்டில் என்ன செய்வது? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கப் போகும்போது அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். இரவு இருமலைக் குறைப்பதில் கடைப் பாணிகளுக்கு அது குறைந்ததல்ல என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முல்லைத்தீவுப் பக்கம் நல்ல தேன் கிடைக்கிறது. சீனிப்பாகைத் தேன் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், அறிந்தவரிடம் வாங்குங்கள். ஒரு வயதுக்குக் கீழே மாத்திரம் நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைச் சோர வைக்கும் நஞ்சை உண்டாக்கும். மூக்கடைப்புக்கு, பாமசியில் விற்கும் உப்புநீர்த் துளிகள் போதும். இளஞ்சூட்டில் கொத்தமல்லித் தண்ணீரோ கஞ்சியோ அடிக்கடி கொடுத்தால் சளி இளகும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் கேட்கிற நேரமெல்லாம் கொடுக்கலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மூக்குக்குள் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். கற்பூரத் தைலம் குழந்தையின் வயிற்றுக்குள் சிறிதளவு போனாலும் வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே மூக்கிலும் நெஞ்சிலும் தைலம் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேலே பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவது, சளியைவிடச் சூட்டுக்காயத்தையே அதிகம் கொடுத்திருக்கிறது. பத்தியம் என்ற பேரில் வாழைப்பழம், தயிர், முட்டை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் நிறுத்துவது பிள்ளையின் நிறையைத்தான் குறைக்கும். நிறை குறைந்த பிள்ளைக்கு அடுத்த சளி இன்னும் பாரதூரமாக வரும்.

மருந்தைவிட அதிகம் யோசிக்க வேண்டியது புகையைப் பற்றி. மாரியில் விறகு ஈரம். குசினி வேறாக இல்லாத வீட்டில், கொட்டிலின் ஒரு மூலையில் அடுப்பு, மறுமூலையில் பிள்ளையின் பாய். வீட்டுக்குள் இருக்கும் புகை, சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியா வரும் ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. எரிவாயு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு அதை வாங்கச் சொல்வது லேசான ஆலோசனை. அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றலாம். முடியாவிட்டால் சமைக்கிற நேரத்திலாவது பிள்ளையை முற்றத்தில் வேறொருவர் வைத்திருக்கலாம். நுளம்புத்திரியும் புகைதான். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. நுளம்பு வலை பழைய சாமான் போலத் தெரியலாம், இருமுகிற பிள்ளைக்கு அதுதான் நல்லது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிக்கிறார்கள் என்றால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பதும் வைத்தியம்தான்.

இருமலோடு நெஞ்சில் விசில் போன்ற சத்தம் வருகிறதா? ஓடி விளையாடினால், சிரித்தால், பனி பட்டால் கூடுகிறதா? இது முட்டுக்குரிய அறிகுறி. இந்த வயதில் வரும் இழுப்பு எல்லாம் ஆஸ்துமா ஆவதில்லை, பல பிள்ளைகளுக்கு ஆறு வயதளவில் மாறிவிடும். வைத்தியர் 'பம்' தந்தால் பலர் மறுக்கிறார்கள், பழகிவிடும் என்று பயம். கணக்கைப் பாருங்கள்: சல்பியூற்றமோல் பம்மை ஒருமுறை அமத்தினால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. பம்மில் வருவது நேரே நுரையீரலுக்குப் போகிறது, பாணி உடம்பெல்லாம் சுற்றிப் போகிறது. அதைக் கொடுக்கும் ஸ்பேசர் வாங்கக் காசு இல்லையென்றால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் செய்துகொள்ளும் முறை இருக்கிறது. கிளினிக்கில் கேட்டால் காட்டித் தருவார்கள்.

உடனே ஓட வேண்டியவை இவை. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைக் கழற்றி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் நியூமோனியாவாக இருக்கலாம். மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்து போவது, முனகல், உதடு நீலம் பாய்வது, பால்தண்ணி குடிக்க முடியாமல் சோர்ந்து கிடப்பது, நாய் குரைப்பது போன்ற இருமலோடு மூச்சிழுக்கும்போது கரகரப்புச் சத்தம் கேட்பது ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஓட்டோவுக்குக் காசு இல்லை என்று நிற்கவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம்.

திடீரென்று தொடங்கிய இருமல் தனி வகை. கச்சான் கொறித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருமுறை புரையேறி, முகம் சிவந்து, பிறகு அமைதியாகிவிட்டது. இரண்டு நாளில் இருமல் தொடங்குகிறது. கச்சானோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாய்க்குள் இருக்கக்கூடும், எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். புரையேறியதை நீங்கள் சொன்னால்தான் வைத்தியர் அந்த வழியில் யோசிப்பார். கச்சான் நாலு வயது வரை வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்துவிட்டு இருமினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நாலு கிழமை தாண்டியும் நிற்காத இருமல், அதுவும் சளி கரகரக்கும் ஈர இருமல், கட்டாயம் பரிசோதிக்கப்பட வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், பிள்ளையின் நிறை கூடவில்லை என்றால், பின்னேரக் காய்ச்சல் வருகிறது என்றால் இரண்டு கிழமையே போதும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி கடுமையான வகைகளில் இருந்து காக்கும், முற்றாகத் தடுக்காது. காசநோய் என்ற சொல்லைச் சொல்லவே சனம் கூச்சப்படுகிறது, பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் கூட. மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அது முற்றாக மாறும் நோய். தொடர்ந்து இருமி இருமி, கடைசியில் கூவுவது போல மூச்சிழுக்கும் பிள்ளைக்குக் குக்கலாக இருக்கலாம். 2, 4, 6, 18 மாத ஊசிகளில் எது தவறியது என்று பாருங்கள். தவறியதை இப்போதும் போடலாம்.

வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். நிறைக்கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பது எந்த எக்ஸ்-ரேயையும் போல முக்கியம். இரவில் வரும் இருமலைக் கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பகலில் டொக்டருக்கு முன்னால் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருக்கும். குடித்த மருந்துப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகும் தாய் வர முடியாவிட்டால், இரவில் பிள்ளையோடு படுப்பவர் யாரோ அவரே கூட்டிக்கொண்டு போகட்டும்.