வெடித்த கைக்கு எண்ணெயா, தண்ணீரா?

பொங்கல் லீவுக்கு அவலூர்பேட்டை வந்திருந்த அக்கா பையன், வலது கையை மறைச்சுக்கிட்டே திரிஞ்சான். கேட்டா ஒண்ணும் இல்லங்கிறான். சாப்பிட உட்கார்ந்து ரசத்துல விரலை வச்சதும் "ஸ்ஸ்"னு கையை இழுத்தப்போதான் வீட்டுக்கே தெரிஞ்சது. கட்டை விரல் அடியில், காய்ப்பு ஏறிய இடத்துக்கு நடுவே, பிளேடால கீறின மாதிரி ஒரு வெடிப்பு. சென்னையில டென்னிஸ் பழகுறான். லீவு முடிஞ்ச அடுத்த வாரம் அவனுக்கு மேட்ச்.

அதே திண்ணையில ஆயா உட்கார்ந்து விதை மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. (மத்த ஊர்க்காரங்களுக்கு: நிலக்கடலை.) மிஷின்ல போட்டா பருப்பு உடையும், முளைப்பு குறையும்னு விதைக்கு மட்டும் இன்னமும் கையாலதான் உரிப்பாங்க. அவங்க கட்டை விரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் பக்கவாட்டிலும் அதே வெடிப்பு. ஆயா வைத்தியம் உடனே வந்தது: "தேங்கா எண்ணெய நல்லா தடவுடா ராசா, ரெண்டு நாள்ல கூடிரும்." அவனும் தடவினான். தடவிட்டுப் போய் வெயில்ல உட்கார்ந்தான். நாலு நாள் ஆகியும் கூடலை. ஆயாவுக்கு வருஷா வருஷம் கூடாததுதான் அது.

ஏன் கூடலைன்னு தேடிப் படிச்சதுதான் இந்தக் குறிப்பு.

முதல்ல உள்ளங்கையைப் பத்தி ஒரு விஷயம். நம்ம உடம்புத் தோல் பெரும்பாலும் தனக்கு வேண்டிய எண்ணெய்ப் பசையைத் தானே சுரந்துக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அந்த எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளம். கையில எப்பவாவது பிசுபிசுப்பு தெரிஞ்சா அது முகத்திலிருந்தோ தலையிலிருந்தோ ஒட்டினதுதான். அதாவது கை இயல்பிலேயே வறண்டு போகக்கூடிய இடம். அதுக்கு மேல ராக்கெட் பிடி ஒரே இடத்துல தினமும் உரசினா தோல் தன்னைக் காப்பாத்திக்க அடுக்கு மேல அடுக்கு போட்டுத் தடிக்கிறது. அதைத்தான் காய்ப்புங்கிறோம். காய்ப்பு கெட்டது இல்லை. ஆட்டக்காரருக்கு அது கவசம். ஆனா தடித்த தோல் வளையாது. விரல் மடங்கும் இடத்துல, கட்டை விரல் அடியில, தடித்த பகுதி காய்ஞ்சும் போயிட்டா, கை மடங்கும்போது அது மடங்காம உடையுது. இந்த வெடிப்பு வெளியிலிருந்து பட்ட காயம் இல்லை, காய்ஞ்ச தோல் தானே முறிஞ்ச முறிவு. ஆயா விரலிலும் நடந்தது இதேதான். ராக்கெட்டுக்குப் பதிலா மல்லாட்டை ஓடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எண்ணெய் விஷயம். அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற தோல் ஆய்வாளர் 1952-ல் ஒரு சோதனையை எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிமையான சோதனை, நாமே வீட்டில் செஞ்சு பார்க்கலாம் போல இருக்கும். பாதத்திலிருந்து எடுத்த காய்ப்புத் துண்டைக் காய வைத்தார். அது விறைத்து, மடித்தால் ஒடியும்படி ஆனது. அதை விதவிதமான எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் ஊற வைத்துப் பார்த்தார். ஊறியும் விறைப்பு போகவில்லை. தண்ணீரில் போட்டதும் துவண்டு, மெத்தென்று ஆகிவிட்டது. காய்ஞ்ச அப்பளத்தை நினைச்சுப் பாருங்க. எண்ணெயில எவ்வளவு நேரம் ஊறப் போட்டாலும் அது வளையாது. ஈரக்கை பட்டா உடனே தொங்கிடும். தோலை இளக்குவது தண்ணீர்தான், எண்ணெய் இல்லை என்பது அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. மேல்தோலில் ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனா அது முறிய ஆரம்பிக்கும்னும், காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினா அந்த நிலைமை வரும்னும் அவர் கணக்கிட்டார்.

பையன் சென்னையில இருந்தவரை பெரிசா தொந்தரவு இல்லாததுக்கும் இங்கே வந்ததும் கை பிளந்ததுக்கும் எனக்குக் கிடைச்ச விளக்கம் இதுதான். சென்னை கடலோரம். தை மாசத்திலும் காத்து ஈரமாவே இருக்கும். செஞ்சிப் பக்கம் உள்நாடு. விடியக்காலை பனி கொட்டும், பத்து மணிக்கு மேல பாறையும் காத்தும் சேர்ந்து உதட்டையே வெடிக்க வச்சிடும். போதாததுக்கு ஏசி அறை, விமானம், குளிர்காலத்து டெல்லி என்று ஊர் ஊராய் ஆடப் போகிறவர்களுக்கு வருஷம் முழுக்க இந்த ஏத்த இறக்கம் உண்டு.

அப்போ எண்ணெய் வீணா? இல்லை. எண்ணெய் தண்ணீரைக் கொடுக்காது, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் பூட்டும். 2004-ல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில் வறண்ட தோல் உள்ள 34 பேருக்கு, சிலருக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு மினரல் ஆயிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ரெண்டும் ஏறத்தாழ சமமாக வேலை செய்தன. ஆக ஆயா சொன்ன பொருள் சரி. நேரம்தான் தப்பு. காய்ஞ்ச கையில் தடவி வெயில்ல உட்கார்ந்தா, காலிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

பித்தவெடிப்புக்கு மெழுகுவத்தியை உருக்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவாங்களே, அது நல்ல வைத்தியம்னு இப்போ தோணுது. மெழுகு பூட்டு, எண்ணெய்ப் பூட்டைவிட உறுதி. கடையில விக்கிற வாஸலினும் கிட்டத்தட்ட அந்த இனம்தான்.

பையனுக்கு நாங்க செஞ்சது இதுதான். ராத்திரி படுக்கும் முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில கையைப் பத்து நிமிஷம் ஊற வச்சான். சூடா இருக்கக் கூடாது, சூடு தோலை இன்னும் உலர்த்தும். ஊறினதும் வெடிப்பைச் சுத்தி இருக்கிற காய்ப்போட விளிம்பை நகம் தேய்க்கிற அரத்தால லேசா மட்டம் பண்ணினோம். விளிம்பு விறைப்பா நின்னா வெடிப்பு மூடவே மூடாது. காய்ப்பு முழுசையும் எடுத்துடக் கூடாது, எடுத்தா அடுத்த நாள் ராக்கெட் பிடிச்சதும் கொப்புளம். துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் முழுசா காயறதுக்குள்ள வாஸலின் தடவி, பருத்திக் கையுறை மாட்டிப் படுத்தான். வெடிப்பு மூடின பிறகு, காய்ப்பு மேல மட்டும் யூரியா கலந்த க்ரீம். 10 முதல் 20 சதவீதம் போதும். யூரியான்னதும் வயலுக்குப் போடுறதான்னு ஆயா கேட்டாங்க. அதேதான், ஆனா நம்ம தோலிலேயே இயல்பா இருக்கிற பொருளும் அதுதான். தண்ணியைப் பிடிச்சு வைக்கும், தடிப்பை இளக்கும். திறந்த வெடிப்புல பட்டா எரியும்.

பகல்ல ஆடப் போகும்போது எந்தப் பசையும் கூடாது, பிடி வழுக்கும். வெடிப்பு மேல டேப் சுத்திக்கிட்டா போதும். இந்த இடத்துலதான் டென்னிஸ்காரங்களோட சங்கடம் ஆரம்பிக்குது. வியர்த்தா ராக்கெட் சுழலும், அதனால கையை உலர்த்திக்கிட்டே இருக்கணும். இவான் லெண்டில் பையில மரத்தூள் வச்சிருந்து கையில தேய்ச்சுக்கிட்டது பிரபலம். மரத்தூள், பவுடர், பாயின்ட்டுக்குப் பாயின்ட் துண்டு, எல்லாமே ஈரத்தை உறிஞ்சுற வேலைதான். அந்தப் பக்கம் ஈரம் கூடினாலும் ஆபத்து. லேசா நனைஞ்ச தோலுக்கு உரசல் அதிகம், கொப்புளம் வரும். 2014 ஆஸ்திரேலிய ஓபனில் ரஃபேல் நடால் இடது உள்ளங்கைக் கொப்புளத்தோடு தவிச்சது நினைவிருக்கும். அதனால ஆடும்போது உலர்வா, ஆடி முடிச்சதும் ஈரமா. ரெண்டையும் வேற வேற நேரத்துக்குப் பிரிச்சுக்கிறதுதான் ஒரே வழி. பலர் முதல் பாதியை மட்டும் செய்றாங்க. ஆட்டம் முடிஞ்சதும் சானிடைசர், பிறகு பாத்திர சோப்பு மாதிரி காரமான சோப்பு. ரெண்டும் தோல் தனக்குன்னு சேர்த்து வச்ச கொஞ்சநஞ்ச ஈரப்பிடிப்பையும் கழுவிட்டுப் போயிடும்.

இதைப் படிச்சுட்டு எல்லா வெடிப்புக்கும் வாஸலின்னு முடிவு பண்ணிடாதீங்க. ராக்கெட் பிடிக்கிற கை மட்டும் வறண்டு, மாவு தூவின மாதிரி செதில் விட்டா எல்லாரும் ராக்கெட்டைத்தான் குத்தம் சொல்வாங்க. அப்போ ஷூவைக் கழட்டி ரெண்டு பாதத்தையும் பாருங்க. அங்கேயும் செதில் இருந்தா அது பெரும்பாலும் படர்தாமரைக் காளான். வியர்த்த ஷூவுல வளர்ந்து, பாதத்தைச் சொறியற கைக்கு ஏறும். ரெண்டு பாதம், ஒரு கைன்னு தோல் மருத்துவத்துல இதுக்குத் தனிப் பேரே உண்டு. இதுக்குக் கடையில கேட்டு வாங்கின ஸ்டீராய்டு கலந்த ட்யூபைத் தடவினா ஒரு வாரம் நல்லா ஆன மாதிரி இருக்கும், பிறகு பரவும். தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுன்னு 2018-ல் மத்திய அரசு அறிவிச்சதுக்குப் பின்னால இந்தக் கதைதான். இன்னொண்ணு, பிடி படுற இடத்துல மட்டும் அரிப்பும் சிவப்புமா வந்தா ஒவ்வாமையா இருக்கலாம். ரப்பர் பிடியில் சேர்க்கிற வேதிப்பொருள்களுக்கும், கை வழுக்காம இருக்கப் பூசுற ரோசினுக்கும் ஒத்துக்காத கைகள் உண்டு. அங்கே எண்ணெயும் தண்ணியும் பிரயோஜனம் இல்லை, பிடியை மாத்தணும். சீழ், வீக்கம், சர்க்கரை நோய் இருந்தா நேரா டாக்டர்.

பையனுக்கு ஆறாம் நாள் வெடிப்பு மூடிடுச்சு. மேட்ச்ல முதல் ரவுண்டுலயே தோத்தான். கை காரணம் இல்லை, எதிர்ல ஆடினவன் நல்லா ஆடினான்னு அவனே சொன்னான்.

ஆயா இப்போ ராத்திரி கை கழுவின ஈரத்தோடதான் எண்ணெய் தடவுறாங்க. கையுறைக்கு மட்டும் ஒத்துக்கவே இல்லை. "பொணத்துக்கு மாட்டுற மாதிரி இருக்குடா." பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு விரல்ல சுத்திக்கிட்டுப் படுக்கிறாங்க. அதுவும் வேலை செய்யுது.