வலியைச் சொல்ல வெட்கம் எதற்கு?

நான்கு மாதமாக எனக்கு விதைப்பையில் வலி. ஒர்க்‌ஷாப்பில் நிற்கவே முடியல. எங்க வீட்டில் படிச்சவங்க இல்லை, யாரிடம் கேட்பது? லாட்ஜ் வைத்தியர் ஒருவர் "இளமைத் தவறு" என்று சொல்லி, அப்பாவின் இரண்டு நாள் கூலியை வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு அரசு மருத்துவமனை யூராலஜி பிரிவுக்குப் போனேன். லேபில் நாம ஃபால்ட் தேடுவது போல டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்: கையால் பரிசோதனை, சிறுநீர் டெஸ்ட், டாப்ளர் ஸ்கேன். கிருமித் தொற்று, ரத்தநாள வீக்கம், குடலிறக்கம், சிறுநீர்க்குழாய்க் கல் – எதனாலும் அங்கே வலிக்கலாமாம். எனக்கு எதுவுமே அகப்படவில்லை. "அதனால வலி பொய்யில்லப்பா, 3 மாதம் தாண்டினா நாள்பட்ட வலி, அதற்கும் சிகிச்சை இருக்கு" என்றார். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்று மறவாதீர்! திடீர்க் கடும் வலி என்றால் விதை முறுக்கியிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் வேண்டும். வெட்கத்தை விடுங்கள், ஓ.பி. சீட்டு வாங்குங்கள்!