படகில் யார் பெயர்?

1967 ஜூனில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் 106 தூண்டில்காரர்கள் கூடினார்கள். கூட்டியவர் ரே ஸ்காட் என்ற அலபாமா இன்சூரன்ஸ் முகவர். நுழைவுக் கட்டணம் 100 டாலர். வென்ற ஸ்டான் ஸ்லோனுக்கு 2,000 டாலர் கிடைத்தது. நன்னீரில் வாழும் பாஸ் மீனைப் பிடிப்பது போட்டி விளையாட்டாகவும், பிறகு சிலருக்குப் பிழைப்பாகவும் வேர்விட்டது அங்கேதான்.

அன்றைக்கு, தூண்டில்காரருக்குப் பொருளோ பணமோ தந்து ஆதரிக்கும் ஸ்பான்சர் என்பவர் எங்கோ இருக்கும் ஆள் அல்ல. ஸ்லோனே செயற்கை இரைகள் செய்து விற்றவர். 1968இல் ரேஞ்சர் படகு நிறுவனத்தைத் தொடங்கிய ஃபாரஸ்ட் வுட், அதற்கு முன் ஆற்றில் மீன்பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியாக இருந்தவர். மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் ஹம்மின்பேர்ட் கருவியை உருவாக்கிய டாம் மானும் போட்டிகளில் தூண்டில் போட்டவர்தான். பொருளைச் செய்தவரும் அதை வீசிப் பார்த்தவரும் ஒரே படகுத்துறையில் படகைக் கட்டினார்கள். புது ஆள் ஒருவன் எப்படி மீன்பிடிக்கிறான், கூடை காலியாக வந்த நாளில் எப்படிப் பேசுகிறான் என்பதை முதலாளியே பக்கத்தில் நின்று பார்த்தார். பிடித்துப்போனால் ஒரு கைகுலுக்கல், ஒரு பெட்டி இரை, விலை குறைத்து ஒரு படகு. அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்த ஏரிக்கரைகளை எட்ட முடியாத ஊரில் இருந்த திறமைசாலியை யார் பார்த்திருப்பார்கள்?

இன்று ரேஞ்சர், பாஸ் புரோ ஷாப்ஸ் குழுமத்தில் இருக்கிறது. ஹம்மின்பேர்ட், ஜான்சன் அவுட்டோர்ஸ் வசம். யாருக்கு ஆதரவு கொடுப்பது என்பதை விளம்பரப் பிரிவு முடிவு செய்கிறது. 1971இல் 24 பேருடன் மீட் ஏரியில் நடந்த முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக்கின் பரிசு 10,000 டாலர். இப்போது முதல் பரிசு 3 லட்சம் டாலர். செலவும் கூடவே ஏறிவிட்டது. படகு, அதை இழுக்கும் பிக்கப் வண்டி, சோனார் திரைகள், ஊர் ஊராய்த் தங்கும் செலவு என்று பார்த்தால், பரிசுப் பணத்தை மட்டும் நம்பி முழுநேரமாக இறங்குவது கட்டுப்படியாகாது. எடை மேடையைக் கவனித்தால் இது தெரியும். இரு கைகளிலும் மீனைத் தூக்கிக் காட்டும் வீரர், மார்பில் அச்சிட்ட சின்னத்தை மீனின் வால் மறைக்காதபடி கையைச் சற்று விலக்கிப் பிடிக்கிறார்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைகிறான். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மீன்பிடி அணிகள் வந்துவிட்ட பிறகு அவனைப் போன்றவர்கள் ஏராளம். நிறுவனங்களுக்குப் பலர் எழுதும் கடிதமும் ஒரே அச்சு: எனக்குச் சிறு வயதிலிருந்தே மீன்பிடிக்கப் பிடிக்கும், உங்கள் பொருளை அனுப்பினால் உங்கள் சின்னத்தைச் சட்டையில் போட்டுக்கொள்கிறேன். நம் ஊர்ச் சிறுவர்கள் கிரிக்கெட் மட்டையில் தாங்களே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். ஒட்டியதால் நிறுவனத்துக்கு ஒன்றும் கூடிவிடுவதில்லை. பதிலாகப் பெரும்பாலும் வருவது தள்ளுபடி விலை. 'புரோ ஸ்டாஃப்' என்ற பட்டத்தோடு வரும் இதைப் பலர் ஸ்பான்சர்ஷிப் என்றே நம்பிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் வாடிக்கையாளர்தான். தேவையில்லாத ரீல்களைத் தள்ளுபடிக்காக வாங்கிக் குவித்துவிட்டு, நுழைவுக் கட்டணத்துக்குக் கடன் கேட்கும் நிலை ஓர் இளைஞனுக்கு வரக் கூடாது.

நிறுவனம் தேடுவது வேறு. தெளிந்த நீரில் எந்த நிற இரை எடுபடுகிறது, கலங்கினால் எதற்கு மாற வேண்டும், ஏன் என்று கடைக்கு வருகிற முதியவருக்குப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவன் அதற்கு வேண்டும். அப்படி விளக்கிக் காட்ட, அன்று வென்றவரைத் தேடித்தான் கேமரா போனது. ஒன்பது முறை 'ஆண்டின் சிறந்த தூண்டில்காரர்' பட்டம் பெற்ற ரோலண்ட் மார்ட்டின் தொலைக்காட்சியில் மீன்பிடித்துக் காட்டினார். அவர் மகன் ஸ்காட்டும் போட்டியாளர்தான். அவருக்கு யூடியூப் சேனல் உண்டு. ஒன்றும் வெல்லாத மாணவன்கூட இன்று கைபேசியை முன்னால் நிறுத்திப் படம்பிடித்தபடி பேசலாம். இது உண்மையான வாய்ப்பு. ஆனால் படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் போகும் பொழுது, நீரில் கற்க வேண்டிய பொழுதிலிருந்துதான் கழிகிறது. தொடக்க ஆண்டுகளில் நீர்தான் முக்கியம் என்பேன்.

ஆகவே முதல் ஆதரவை உள்ளூரிலேயே தேடுவது நல்லது. படகு பழுதுபார்ப்பவர், தூண்டில் கடைக்காரர், டயர் கடைக்காரர் ஆகியோர் அவனை நேரில் அறிவார்கள்; 1968இன் முதலாளிகளைப் போல அவன் குணத்தையும் பார்ப்பார்கள். சனிக்கிழமைகளில் அவர்கள் கடையில் நின்று வாடிக்கையாளர்களுக்கு உதவினால், ஒரு போட்டியின் கட்டணமாவது கிடைக்கலாம். போனஸ் திட்டங்களும் இருக்கின்றன. டொயோட்டாவின் திட்டத்தில், தகுதியுள்ள டொயோட்டா பிக்கப் வைத்திருப்பவர் இலவசமாகப் பெயர் பதிந்துகொண்டால், அந்தத் திட்டத்துக்கு உட்பட்ட போட்டிகளில் பதிந்தவர்களுள் முன்னணியில் வரும்போது கூடுதல் பணம் கிடைக்கும். பெரிய நிறுவனத்துக்கு முதல் கடிதம் எழுத உட்காரும் முன், வீட்டில் நிற்கும் வண்டி இந்த மாதிரித் திட்டம் எதிலாவது சேருமா என்று பார்த்துப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட வேண்டும்.