மூடிய கையில் பிறந்த சொல்

மனிதர்க்குப் போலவே சொற்களுக்கும் குடிவழி உண்டு. ஆங்கிலத்தில் 'பக்நேஷஸ்லி' என்றொரு வினையடை வழங்குகிறது. எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்பவர் பேசும் விதத்தை அது குறிக்கும். நீண்ட இச்சொல்லைக் கண்டு நாம் மலைக்க வேண்டுவதில்லை. மூன்றாகப் பிரித்தால் எளிதில் விளங்கும்.

முதல் உறுப்பு, பண்டை உரோமானியரின் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. விரல்களை மடக்கி இறுக மூடிய கையை அவர்கள் 'புக்னஸ்' என்றனர். அதனின்று 'புக்நாரே', அதாவது சண்டையிடு என்னும் வினை பிறந்தது. பின்னர்ப் படைகள் மோதும் போருக்கும் அவ்வினையே வழங்கிற்று.

இரண்டாம் உறுப்பும் இலத்தீன் விகுதியே. ஒன்றில் மிகுந்த நாட்டம் உடைய தன்மையை அது உணர்த்தும். ஓயாது பேசுபவரைக் குறிக்கும் 'லொக்குவேஷஸ்' என்னும் சொல்லிலும் இதனைக் காணலாம்.

மூன்றாவதாகிய 'லி', பழைய ஆங்கிலத்தில் உடல், வடிவம் என்னும் பொருள் தந்த 'லீச்' என்ற சொல்லின் வழிவந்தது. தனிச்சொல்லாய் இருந்தது தேய்ந்து விகுதியாயிற்று. 'அழகாக' என்பதில் உள்ள நம் 'ஆக' என்பதும் 'ஆகு' என்னும் வினையின் வழிவந்ததே அன்றோ!

இனி இதன் உறவினரைக் காண்போம். குத்துச்சண்டை வீரரைக் குறிக்கும் 'பியூஜிலிஸ்ட்' இக்குடும்பத்தைச் சேர்ந்தது. 'ரிப்பக்னன்ட்' என்பது எதிர்த்துப் போரிடுவது என்னும் பொருளில் தொடங்கி, இன்று அருவருப்பானது என்னும் பொருளில் வழங்குகிறது. கிரேக்க மொழியில் இதன் உறவுச்சொல் 'பிக்மே'. அது மூடிய கையையும் ஓர் அளவையும் குறித்தது. நம் முழம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளும். அவர்களது அளவோ மூடிய கையின் கணுவோடு நின்றுவிடும். தம் கதைகளில் வரும் குள்ளர்க்கு இவ்வளவையைக் கொண்டே பெயரிட்டனர். 'பிக்மி' என்னும் சொல் அவ்வாறு வந்ததே.

மாணவச் செல்வங்களே! ஒரு வேரை அறிந்தால் பல சொற்கள் நம் வசமாகும். ஆகவே, அகராதியில் பொருளோடு பிறப்பையும் பார்த்துப் பழகுவோம். 'இம்பியூன்' என்பதும் இக்குடும்பச் சொல்லே. முன்னர்த் தாக்குதலைக் குறித்த அது, இன்று ஒருவரின் நேர்மையைச் சொல்லால் தாக்குவதைக் குறிக்கிறது. கையை ஓங்காமலே ஒருவரை அடிக்க முடியும் என்பதைச் சொல்லின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. எனவே, கையைப் போலவே நாவையும் காப்போமாக!