குக்கீயும் மூன்றாம் தரப்பும்

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் எச்டிடிபி என்னும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் அதை அனுப்புகிறது, அத்துடன் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியே அதே உலாவி மறுபடி வந்தாலும் சர்வருக்கு அது புதிய ஆள்தான். கட்டுரை படிப்பவருக்கு இதனால் இடையூறு இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒரு பக்கத்தில் தேர்ந்தெடுத்த பொருளைப் பணம் செலுத்தும் பக்கம் வரை மறவாதிருக்க வேண்டிய இணையக் கடைக்கு இது பெருந்தடையாக இருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியாளர் லூ மொன்டுல்லி இதற்குக் கண்ட தீர்வே குக்கீ.

குக்கீ என்பது தானே இயங்கும் நிரல் அன்று. சர்வர் எழுதித் தர, உலாவி பயனரின் கருவியில் சேமித்து வைத்து, அந்தத் தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் உடன் எடுத்துச் செல்லும் சிறிய எழுத்துத் தொடர். பெரும்பாலும் அதில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே. ஒவ்வோர் உலாவிக்கும் எல்லாத் தளங்களும் அறியக்கூடிய ஒரே நிரந்தர எண்ணைக் கொடுத்துவிடலாம் என்ற எளிய வழியும் அன்று இருந்தது. அது மக்களைத் தளம் தளமாகப் பின்தொடர உதவிவிடும் என்பதாலேயே மொன்டுல்லி அதை ஒதுக்கி, எழுதிய தளம் மட்டுமே தன் குக்கீயைப் படிக்க முடியும் என்று விதித்தார். இந்த அக்கறை பாராட்டுக்குரியது.

எனினும் அவ்விதியில் ஓர் இடைவெளி இருந்தது. ஓர் இணையப் பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதிலுள்ள படங்களும் விளம்பரங்களும் வேறு சர்வர்களிலிருந்து வரக்கூடும், அந்தச் சர்வர்களும் தத்தம் குக்கீயைப் பதிக்கலாம். பயனர் நாடிச் சென்ற தளத்துக்குரியது அல்லாத இதுவே மூன்றாம் தரப்புக் குக்கீ எனப்படுகிறது. ஒரே விளம்பர நிறுவனம் செய்தித் தளம், மருத்துவத் தளம், பயணத் தளம் என ஆயிரக்கணக்கான இடங்களில் விளம்பரம் வைத்திருக்குமானால், ஒவ்வோரிடத்திலும் அதே எண் அதனிடம் திரும்பி வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வந்தது என்பதையும் உலாவி கூடவே தெரிவிப்பதால், அந்த எண்ணுக்குரியவர் எதையெல்லாம் படித்தார் என்ற வரலாறு அங்கே திரள்கிறது. விளம்பரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை; ஒரே ஒரு புள்ளி அளவிலான, நிறமற்ற படம் போதும். பின்தொடர் பிக்சல் என்பது இதுதான்.

எண்ணுக்குப் பெயர் இல்லையே என்பது விளம்பரத் துறையின் வழக்கமான சமாதானம். 1999இல் இத்துறையின் முன்னணி நிறுவனமான டபுள்கிளிக், அஞ்சல்வழி வணிகத்தில் பொருள் வாங்கியோரின் பெயரும் முகவரியும் அடங்கிய பெருந்தொகுப்பை வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் நிறுவனத்தை வாங்கி, அந்தப் பெயர்களைத் தன் எண்களோடு இணைக்க முற்பட்டபோது அச்சமாதானம் எவ்வளவு வலுவற்றது என்பது வெளிப்பட்டது. அமெரிக்காவில் எழுந்த கடும் எதிர்ப்பால் 2000இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் பயனர் ஓரிடத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும், அதைச் சங்கேத வடிவாக்கி வேறு தொகுப்புகளோடு பொருத்திப் பார்ப்பது இன்று அன்றாடத் தொழிலாகிவிட்டது.

இந்த ஆபத்தை எவரும் முன்னறியவில்லை என்று சொல்ல இடமில்லை. மொன்டுல்லியும் டேவிட் கிறிஸ்டலும் எழுதி 1997இல் வெளியான குக்கீத் தரவரையறை, மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் இயல்பாகவே தடுக்க வேண்டும் என்று கூறியது. அமைப்புகளைத் தேடிப்போய் மாற்றும் பயனர்கள் மிகச் சிலரே என்பதால் இயல்புநிலையே பெரும்பான்மையோரின் நிலையாகிறது. ஆகவே அப்பரிந்துரையை அன்றைய பெரிய உலாவிகள் பின்பற்றாமற்போனதே இத்துறையின் போக்கைத் தீர்மானித்தது எனலாம். 2019இல் ஃபயர்பாக்ஸ் பின்தொடரும் குக்கீகளை இயல்பாகத் தடுக்கத் தொடங்கியது. 2020இல் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை முற்றாகத் தடுத்தது. அதே ஆண்டில் அவற்றைக் கைவிடப்போவதாக அறிவித்த கூகுள், தன் குரோம் உலாவியில் அதைப் பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்த முடிவிலிருந்தே பின்வாங்கியது.

ஐரோப்பியச் சட்டம் ஒப்புதல் கேட்கும் வழியைத் தேர்ந்தது. முன்கூட்டியே குறியிட்ட பெட்டி ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. குக்கீயை ஏற்பது போல மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. இதற்கிடையே திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், வரைகலைச் சில்லின் இயல்பு போன்ற விவரங்களின் சேர்க்கையைக் கொண்டே ஒரு கருவியை இனங்காணும் கைரேகை முறையும் வளர்ந்துள்ளது. குக்கீயை அழிப்பது போல இதை அழிக்க இயலாது என்பதால், சில உலாவிகள் இவ்விவரங்களை மழுக்கியும் குறைத்தும் தரும்படி மாற்றப்பட்டு வருகின்றன.